பயன் கேட்கும் பழக்கம்

காந்திபுரத்தில் மாதம் ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நாவல்களைப் பற்றிப் பேசுகிறோம். எந்த நாவலை எடுத்துக்கொண்டாலும் பேச்சு எங்காவது ஓரிடத்தில் அதே கேள்வியில் வந்து நின்றுவிடும். “ஏனுங்க, கதை நல்லாத்தான் இருக்குதுங்க. இதைப் படிச்சதுல நமக்கு என்னங்க பிரயோஜனம்?” கேட்கிறவரிடம் கேலி கிடையாது. மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்கிறார்.

கோயமுத்தூர் பஞ்சாலைகளின் ஊர், லாப நஷ்டம் பார்க்கிற ஊர், அதனால்தான் இலக்கியத்திலும் கணக்குக் கேட்கிறார்கள் என்று சென்னை நண்பர்கள் சிரிப்பதுண்டு. அவர்கள் சொல்வது சரியல்ல. இந்தக் கேள்வி பஞ்சாலைகளை விடப் பல நூற்றாண்டுகள் பழையது. பண்டிதர்களின் கேள்வி அது. நூல் என்றால் அதற்குப் பயன் ஒன்று இருக்க வேண்டும், அந்தப் பயன் அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கையும் அடைவது என்று நன்னூல் பாயிரத்திலேயே பவணந்தி முனிவர் விதித்துவிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்காக எழுதப்பட்ட இலக்கணம் அது. பவணந்தியைத் தங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை மைசூர்ப் பக்கத்தில் உள்ளவர்களுக்கும் உண்டு, எங்கள் கொங்கு நாட்டாருக்கும் உண்டு. நன்னூலைத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ஆகவே நம்முடைய வாசகர் பிரயோஜனம் கேட்பது பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பாடம்.

இந்த நான்கு என்ற எண்ணிக்கை நம் கவிதைக் கொள்கையை எப்படி ஆட்டி வைத்தது என்று பார்ப்பது சுவாரசியமான விஷயம். தண்டியலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டியின் வடமொழி நூலைத் தழுவித் தமிழில் ஏறக்குறையப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்த அணி நூல். பெருங்காப்பியம் என்பது நாலு பொருளையும் தர வேண்டும், அவற்றில் குறைவுள்ளது வெறும் காப்பியம் என்பது அதன் தீர்ப்பு. காவியத்தின் பெருமையை அளக்கிற கோல் அதன் நீளமல்ல, கவியின் சக்தியுமல்ல, நாலு கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்பதுதான். பெட்டியைத் திறந்து சாமான் எண்ணிப் பார்க்கிற காரியம் மாதிரி இருக்கிறது.

ஆனால் அதே இலக்கணத்தை இன்னும் இரண்டு வரி தொடர்ந்து படித்தால் வேறொன்று கண்ணில் படும். காவியத்தில் மலை வேண்டும், கடல் வேண்டும், நாடும் நகரமும் பருவமும் சூரியோதயமும் சந்திரோதயமும் வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. கல்யாணம் வேண்டும், சோலையில் விளையாட்டும் நீர் விளையாட்டும் வேண்டும், மது மயக்கம் வேண்டும், ஊடலும் கூடலும் வேண்டும். இத்தனையையும் செய்துவிட்டு வீடுபேற்றுக்கும் வழி காட்ட வேண்டுமாம்! இலக்கணக்காரர் பெரிய ரசிகராக இருந்திருக்க வேண்டும். வாசலில் அறத்தையும் வீட்டையும் காவலுக்கு நிறுத்திவிட்டு, உள்ளே வேண்டியதையெல்லாம் செய்துகொள்ளுங்கள் என்று கவிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். பயன் என்ற கொள்கை நம் கவிகளைக் கட்டிப்போட்ட சங்கிலி என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது அப்படிப் படவில்லை. அது கவிகளுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு. சங்கடம் வந்ததெல்லாம் படிக்கிறவர்களுக்குத்தான்.

சங்கப் பாட்டுக்களின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். தொல்காப்பியர் களவியலைத் தொடங்குகையில் இன்பத்தை முன்னால் வைத்துப் பொருளை நடுவில் வைத்து அறத்தைக் கடைசியில் வைக்கிறார். வீடு அந்த வரிசையில் இல்லவே இல்லை. மூன்றே மூன்று, அதிலும் இன்பம் முதலாவது. குறிஞ்சியையும் முல்லையையும் பாடியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மலைச்சாரலில் தினைப்புனம் காக்கிற பெண்ணும் வேட்டைக்கு வந்த பையனும் சந்தித்துக்கொண்டால் அதில் மோட்சம் எங்கே வருகிறது?

ஆனால் பிற்காலத்தில் மோட்சம் வந்துதான் தீர்ந்தது. இறையனார் அகப்பொருள் என்ற நூலுக்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரை இருக்கிறது. பாண்டி நாட்டில் பன்னிரண்டு வருஷப் பஞ்சம். பஞ்சம் தெளிந்த பிறகு பொருளதிகாரம் அறிந்தவர் யாருமே கிடைக்கவில்லை. அரசன் கவலைப்பட, ஆலவாய் இறைவனே அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். அதற்குச் சரியான உரை எது என்று ஓர் ஊமைப் பிள்ளை காட்டிக் கொடுத்தான். இந்தக் கதை அந்த உரையில்தான் வருகிறது. கதை முடிந்ததும் உரைகாரர், இந்நூல் என்ன பயன் தரும் என்று தாமே கேட்டு, வீடுபேறு தரும் என்று தாமே பதிலும் சொல்கிறார். களவுக் காதலைப் பற்றிய நூல் மோட்சம் தருமாம்! எப்படி என்ற ஆட்சேபத்தையும் அவர் எதிர்பார்த்திருக்கிறார். கசப்பு மருந்தைத் தின்ன மறுக்கிறவனுக்கு அதன்மேல் வெல்லம் பூசிக் கொடுப்பதில்லையா, அதுபோலத்தான் என்கிறார். காமத்தில் ஆசை உள்ளவன் காமத்தைக் கேட்க வருவான். வந்தவனை மெல்ல நல்ல வழிக்கு இழுத்துக்கொண்டு போகலாம்.

இந்த வெல்ல உவமையில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அறுபது சூத்திரத்தையும் நீண்ட உரையையும் படித்து முடித்தால் வெல்லம் நாக்கில் நிற்கிறது; மருந்து எந்த இடத்தில் உள்ளே போயிற்று என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உரைகாரருக்கும் அது தெரிந்துதான் இருக்கும். பயனை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கமே திரும்பாமல், தலைவன் என்ன நினைத்தான், தோழி என்ன சொன்னாள், அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று ரசித்து ரசித்து எழுதிக்கொண்டு போகிறார். உரைநடையில் அவ்வளவு ருசி பழந்தமிழில் அபூர்வம்.

இதே சங்கடம் சீனாவிலும் நேர்ந்திருக்கிறது. சீன பாஷை எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்புகளின் வழியாகத்தான் பழக்கம். அவர்களுடைய மிகப் பழைய பாட்டுத் தொகுதியில் 305 பாட்டுக்கள் இருக்கின்றன. பாதிக்குப் பாதி கிராமத்துக் காதலும் கல்யாணமும் பிரிவும். அதைக் கன்பூஷியஸே தொகுத்தார் என்று வெகுகாலம் நம்பினார்கள். மகான் தொகுத்த நூலில் வெறும் காதல் இருக்கலாமா? ஹான் வமிசத்து அரசர் காலத்துப் பண்டிதர்கள் வழி கண்டுபிடித்தார்கள். மாவ் என்பவர் பெயரால் வழங்கும் முன்னுரையின்படி, பாட்டு மனத்தின் நோக்கத்திலிருந்து பிறப்பது. ஆட்சி நன்றாக இருந்தால் பாட்டில் அமைதி இருக்கும், ஆட்சி கெட்டால் பாட்டில் கோபம் இருக்கும். அரசன் பாட்டைக் கேட்டு நாட்டை அறிய வேண்டும், பாட்டு மக்களைத் திருத்த வேண்டும். தொகுதியின் முதல் பாட்டில் ஆற்றங்கரையில் பறவைகள் கூவுகின்றன, ஒருவன் ஒரு பெண்ணை நினைத்துத் தூக்கம் வராமல் புரளுகிறான். பண்டிதர்களுக்கு அது ராணியின் நற்குணத்தைப் பற்றிய பாட்டு! பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற பேரறிஞர் வந்து, இவற்றில் பல ஆணும் பெண்ணும் பாடிக்கொண்ட காதல் பாட்டுக்களே என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர் சும்மா இருக்கவில்லை. ஒழுக்கம் கெட்ட பாட்டுக்கள், படித்து எச்சரிக்கை அடைவதற்காக வைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு பயன் கற்பித்துவிட்டார். 1937ல் ஆர்தர் வேலி ஆங்கிலத்தில் அவற்றை மொழிபெயர்த்தபோதுதான் காதல், கல்யாணம், போர் என்று பாட்டுக்களை விஷயவாரியாகப் பிரித்து, பண்டிதர் வியாக்கியானத்தை ஒதுக்கி வைத்தார்.

சீனருக்கும் நமக்கும் வித்தியாசம் உண்டு. அவர்களுடைய பயன் ராஜாங்கம், நம்முடைய பயன் மோட்சம் என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது, அவர்களிடம் பயன் பாட்டுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு பாட்டும் இந்த அரசனைப் புகழ்வது, அந்தப் பிரபுவைக் கண்டிப்பது என்றாயிற்று. நம்மவர்கள் அப்படிச் செய்யவில்லை. நச்சினார்க்கினியர் கலித்தொகைக்கு உரை எழுதினார். தோழி பேசினால் தோழிதான் பேசுகிறாள். அங்கே ஜீவாத்மாவும் இல்லை, பாண்டியன் அரசாட்சியும் இல்லை. பக்தி நூல்களில் மட்டும் நிலைமை வேறு. நம்மாழ்வாரின் தலைவி புலம்பினால் வைஷ்ணவ உரைகாரர்கள் அதற்கு உள்ளுறையாக ஸ்வாபதேசம் சொல்வார்கள். திருக்கோவையாருக்கும் பேரின்பப் பொருள் சொன்னவர்கள் உண்டு. அங்கே பாடினவர்களே கடவுளை நினைத்துப் பாடியவர்கள், ஆகையால் அதை அத்துமீறல் என்று சொல்ல மாட்டேன்.

திருக்குறளுக்கு வந்தது வேறு தொல்லை. வள்ளுவர் மூன்று பாலோடு நிறுத்திவிட்டார். நாலாவது எங்கே? வீடு என்பது மனத்துக்கும் மொழிக்கும் எட்டாதது, அதற்குக் காரணமான துறவைச் சொல்லித்தான் காட்ட முடியும், துறவறம் அறத்துப்பாலிலேயே இருக்கிறது என்று பரிமேலழகர் சமாதானம் சொல்கிறார். மிகவும் புத்திசாலித்தனமான சமாதானம். ஆனால் அந்தச் சமாதானம் ஏன் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். வள்ளுவரிடம் கூட ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது!

பயன் என்ற கேள்வி நம்மிடம் செய்த பெரிய காரியம் இரண்டு நிகழ்ச்சிகளில் தெரிகிறது. இரண்டும் ஒரே புஸ்தகத்தைப் பற்றியவை. அந்தப் புஸ்தகம் சீவகசிந்தாமணி. திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் பாடியது. பதின்மூன்று இலம்பகம். சீவகன் கல்யாணத்துக்கு மேல் கல்யாணமாகச் செய்துகொண்டு போவதால் அதற்கு மணநூல் என்றே பெயர். கடைசியில் முத்தி இலம்பகத்தில் சீவகன் துறவு பூண்டு முத்தி அடைகிறான். தண்டியின் கணக்குப்படி குறையே சொல்ல முடியாத பெருங்காப்பியம்.

முதல் நிகழ்ச்சியைச் சேக்கிழார் புராணம் சொல்கிறது. அனபாய சோழன் சிந்தாமணியைக் கேட்டு மெய்மறந்து கிடந்தானாம். இது இம்மைக்கும் உதவாது, மறுமைக்கும் உதவாது என்று அமைச்சரான சேக்கிழார் இடித்துச் சொன்னார். அப்படியானால் எது உதவும் என்று அரசன் கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பெரியபுராணம் பிறந்தது. கதை சரித்திரமா என்பது வேறு விஷயம். பயனில்லை என்று ஒரு காவியத்தைத் தள்ளிய வேகத்தில் அதைப்போலவே பெரிய இன்னொரு காவியம் வந்தது என்று தமிழர்கள் நம்பியிருக்கிறார்கள். அதிலும் வேடிக்கை என்னவென்றால், இன்று பெரியபுராணத்தைப் படித்து நெஞ்சு கரைகிறவர்கள் எல்லோரும் மறுமைக்காகப் படிக்கிறவர்களல்ல. கண்ணப்பன் வாயில் நீரைச் சுமந்துகொண்டு ஓடிவருகிற இடத்தில் நாத்திகனும் நின்றுதான் போவான். எங்கள் கோயமுத்தூரில் வக்கீலாக இருந்த சி. கே. சுப்பிரமணிய முதலியார் அந்த நூலுக்கு ஏழு பாகங்களில் உரை எழுதினார். வக்கீல் தொழிலில் இருந்துகொண்டு இதைச் செய்வதற்கு எவ்வளவு பக்தி வேண்டுமோ அவ்வளவு ரசனையும் வேண்டும். அந்த உரையைப் புரட்டுகிறபோது எது முன்னால் நிற்கிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி 1880ல் நடந்தது. இது கதையல்ல, உ. வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் எழுதியிருப்பது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் ராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் ஐயர் வரிசையாகச் சொல்கிறார்: அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள். பெரும்பாலும் அறமும் பக்தியும் நிறைந்தவை. பயனில் குறைவே இல்லாதவை. முதலியாரோ அசையாமல், இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிறார்! சிந்தாமணி படித்தீர்களா, சிலப்பதிகாரம் படித்தீர்களா என்கிறார். சேக்கிழார் எந்தப் புஸ்தகத்தைப் பயனில்லை என்று தள்ளினாரோ அதே புஸ்தகத்தை, அதே பயன் என்ற கேள்வியைக் கேட்டே முதலியார் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். சைவ மடத்தில் வளர்ந்த ஐயர் சமணர் வீடுகளுக்குப் போய்ப் பொருள் கேட்டு, 1887ல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். முதலியார் கேட்ட பிரயோஜனம் எது என்று அவர் விளக்கவில்லை. அறமா, பொருளா, வீடா? எதுவுமில்லை. நல்ல கவிதையைத் தெரிந்துகொள்வதே பிரயோஜனம் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். நவீனத் தமிழ் விமரிசனம் அந்த ஒரு கேள்வியில் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம் காலத்தில் நாற்பொருளைப் பெயர் சொல்லி யாரும் கேட்பதில்லை. பெயர் மாறிவிட்டது. 1971ல் கோயமுத்தூரிலிருந்து ‘வானம்பாடி’ என்ற கவிதை ஏடு வந்தது. புவியரசு, ஞானி, சிற்பி, மேத்தா முதலியவர்கள் சேர்ந்து நடத்தியது. மனிதனைப் பாட வேண்டும், சமூகம் மாறுவதற்குக் கவிதை உதவ வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அதற்கு முன்னால் சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959 முதல் 1970 வரை வளர்த்த புதுக்கவிதை தன் மனத்துக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. வீடுபேறு இருந்த இடத்தில் புதிய சமுதாயம் வந்து உட்கார்ந்துகொண்டது. மற்றபடி சூத்திரம் பழையதுதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களில் நல்ல கவிகளுக்குப் பயன் ஓர் உற்சாகமாக உதவியது. அல்லாதவர்களுக்கு அது கவிதைக்குப் பதிலாகவே உதவியது. சேக்கிழாருக்குப் பிறகு புராணம் பாடிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு நேர்ந்ததும் இதுதான்.

எதிர்ப் பக்கத்தில் நின்றவர்களும் உண்டு. உலகத்தை உய்விக்கிற எண்ணம் தமக்குக் கிடையாது என்று புதுமைப்பித்தன் காஞ்சனை முன்னுரையில் கையை உதறிவிட்டார். கொங்கு நாட்டில் ஆர். ஷண்முகசுந்தரம் எதையும் உதறாமல், அறிக்கை ஒன்றும் விடாமல், 1942ல் ‘நாகம்மாளை’ எழுதினார். கைம்பெண் ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்கிறாள், கொழுந்தன் தர மனமில்லாதவன், தூண்டிவிடுகிறவர்கள் தூண்டிவிடுகிறார்கள், கடைசியில் கொலை விழுகிறது. கொலையோடு நாவலும் நின்றுவிடுகிறது. யார் தண்டனை அடைந்தார்கள், நாகம்மாள் வருந்தினாளா என்று ஒரு வரி கிடையாது. தண்டியிடம் கொண்டுபோனால் இதற்கு எந்தக் கட்டமும் நிரம்பாது. ஆனால் கொங்குச் சீமையின் மண்ணும் பேச்சும் பிடிவாதமும் இதில் இருப்பது போல வேறெந்தப் புஸ்தகத்திலும் இல்லை.

கொங்கு நாட்டுக்கு ஷண்முகசுந்தரத்துக்கு முன்னால் ஒரு பெரிய கதாசிரியர் இருந்தார். காந்திபுரத்தில் ஈரோட்டுக்குப் பஸ் ஏறினால் பெருந்துறைக்கு முன்னால் விஜயமங்கலம் வரும். பழைய சமணக் கோயில் இன்னும் நிற்கிறது. அந்த ஊர்க்காரர் என்று சொல்லப்படும் கொங்குவேளிர்தான் பெருங்கதையைப் பாடினார். உதயணனுடைய கதை. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரும் கொங்கு நாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்பார்கள். அவர் பெருங்கதையை நன்றாக அறிந்தவர். பிறகு அது மறைந்து கிடந்து, 1924ல் சாமிநாதையர் பதிப்பில்தான் வெளிவந்தது. கிடைத்த ஏட்டில் தலையும் இல்லை, வாலும் இல்லை. முதல் காண்டத்தில் ஆரம்பத்து முப்பத்தொரு காதைகள் போய்விட்டன. நரவாண காண்டத்தின் நடுவில் நூல் அறுந்துவிடுகிறது. உதயணகுமார காவியம் என்ற பிற்காலச் சிறு நூலில் துறவுக் காண்டம் இருப்பதைக் கொண்டு, பெருங்கதையிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும் என்று ஊகிக்கிறார்கள்.

அதாவது, நம் கைக்கு வந்திருக்கிற பெருங்கதையில் வீடு என்ற நாலாவது பொருள் கரையானுக்குப் போய்விட்டது. இலக்கணப்படி பார்த்தால் இப்போது அது பெருங்காப்பியமல்ல. குறையுள்ள வெறும் காப்பியம். ஆனால் படித்துப் பாருங்கள். உஞ்சை நகரத்திலிருந்து வாசவதத்தையைப் பத்திராபதி என்ற பெண் யானையின் மேல் ஏற்றிக்கொண்டு உதயணன் ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிறான். காடும் மலையும் ஆறும் பின்னால் போகின்றன. யானைக்கு முடியவில்லை. அவர்களை இறக்கிவிட்டு விழுந்து உயிரை விடுகிறது. வெகுநாள் கழித்து, அரசும் மனைவியரும் எல்லாம் கைகூடிய பிறகு, உதயணன் அந்த யானையை மறக்காமல் அதற்கு உருவம் செய்து வைக்கிறான். அந்த யானையின் சாவு நாலில் எந்தப் பொருளில் சேரும்? எனக்குத் தெரிந்த பண்டிதர் ஒருவர் நன்றி மறவாமை, ஆகவே அறம் என்றார். இருக்கலாம். ஆனால் கொங்குவேளிர் அந்த இடத்தில் யானை மேல்தான் கண்ணாக இருந்தார் என்பது என் அபிப்பிராயம்.

விட்டுப்போன ஏடுகள் என்றைக்காவது எந்தப் பரணிலாவது கிடைக்குமா என்று நான் நினைப்பதுண்டு. துறவுக் காண்டம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் எனக்கு முதலில் வேண்டியது ஆரம்பத்து முப்பத்தொரு காதைகள். உதயணனைப் பிடிப்பதற்காக உஞ்சை வேந்தன் ஒரு பொய் யானை செய்து அனுப்பினானே, வயிற்றுக்குள் வீரர்களை மறைத்துக் காட்டில் நிறுத்தினார்களே, அந்தக் கட்டம் அதில்தான் வந்திருக்க வேண்டும். யாழ் வாசித்து யானைகளை வசப்படுத்துகிறவன் முன்னால் மரத்தால் செய்த யானை காதை ஆட்டி நிற்கிறது. விஜயமங்கலத்துக்காரர் அதை எப்படிச் சொல்லியிருப்பார்?